பக்கத்து மனையின் கட்டட உரிமையை வாங்க முடியுமா? ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் மனைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கத்து மனைக்காரர் ஒரு தளத்தோடு நிறுத்திவிட்டார். இனிமேல் கட்டும் எண்ணமும் அவருக்கு இல்லை. அவர் கட்டாமல் விட்ட பரப்பை விலை பேசி வாங்கி, நம் மனையில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாமா? மலை நகரங்களில் விடுதியோ பெரிய வீடோ கட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியூயார்க்கில் முடியும். மும்பையிலும் சென்னையிலும் வேறு வடிவத்தில் ஓரளவு முடியும். நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் அதே கணக்கைப் போட்டால் பணம்தான் போகும். ஆனால் பக்கத்து மனைக்காரரிடமிருந்து சட்டப்படி வாங்கக்கூடிய வேறு சில உரிமைகள் உண்டு, மலையில் அவற்றுக்குத்தான் உண்மையான மதிப்பு. எது கைமாறும், எது மாறாது, எந்தப் பத்திரம் எந்த வேலையைச் செய்யும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

உரிமை எப்படி நகர்கிறது

மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதே எஃப்.எஸ்.ஐ. மனை 200 சதுர மீட்டர், எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லாத் தளங்களும் சேர்ந்து 400 சதுர மீட்டர் வரை போகலாம். அதில் 150 மட்டும் கட்டியிருந்தால் 250 மிச்சம். அந்த மிச்சத்தை இன்னொரு மனைக்குக் கொண்டுபோவதைத்தான் மேம்பாட்டு உரிமை மாற்றம், சுருக்கமாக டி.டி.ஆர்., என்கிறோம்.

பக்கத்து மனைகளுக்கு இடையே இதை மிகத் தெளிவாக வகுத்து வைத்திருக்கும் ஊர் நியூயார்க். 1961 விதித்தொகுப்பு அங்கே தளப்பரப்பு விகிதத்தைக் கொண்டுவந்தது. ஒரே பிளாக்கில் உள்ள இரண்டு மனைகள் குறைந்தது 10 அடி நீளத்துக்கு எல்லையைப் பகிர்ந்துகொண்டால், விதிகளைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே மனையாக அறிவித்துக்கொள்ளலாம். நில உடைமை தனித்தனியாகவே இருக்கும், பத்திரம் மாறாது. மொத்தப் பரப்புக்கான தளப்பரப்பில் பெரும்பகுதியை ஒருவர் கட்ட, மற்றவர் விட்டுக்கொடுக்கிறார். இதற்கு நகரத்தின் சிறப்பு அனுமதி வேண்டியதில்லை. சொத்தில் உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று, சொத்துரிமையை ஆராயும் டைட்டில் நிறுவனம் சான்று தர வேண்டும், அவர்கள் கையெழுத்திட வேண்டும் அல்லது ஆட்சேபனையில்லை என்று எழுதித் தர வேண்டும். இணைப்பு அறிவிப்பும் இரு தரப்பு ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். அதன்பின் கட்டடத்துறையில் வரைபடம் தாக்கலாகும். விற்றவரின் மனையில் அந்தப் பரப்பு நிரந்தரமாகக் குறைந்துவிடும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு 1968 முதல் தனி வழி இருக்கிறது, அவை தெருவைத் தாண்டியும் மாற்றலாம். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலைய வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தபோது, மேலே கட்ட முடியாத உரிமையாளருக்கு அந்த உரிமையை வேறு மனைக்கு மாற்றும் வழி இருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் டி.டி.ஆர். வேறு காரியத்துக்காக வந்தது. மும்பையில் 1991 விதிகள் கொண்டுவந்த முறைப்படி, சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய நிலத்தை ஒருவர் மாநகராட்சிக்குக் கொடுத்தால், பணத்துக்குப் பதிலாக மேம்பாட்டு உரிமைச் சான்று தருவார்கள். அதை அவர் வேறு இடத்தில் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். தமிழ்நாட்டிலும் அடிப்படை இதுவே. பொதுத் தேவைக்கு நிலம் கொடுத்தவருக்குச் சான்று கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட மாடிக்கு யாரும் சான்று தருவதில்லை. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சமவெளி நகரங்களில் உயரம் குறைந்த கட்டடத்துக்கு 2 என்றும், உயரமான அடுக்குமாடிக்கு 3.25 என்றும் எஃப்.எஸ்.ஐ. வைக்கின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால், சாலை அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் செலுத்திப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். ஆகவே சமவெளியிலும் பக்கத்து மனையின் மிச்சத்தை நேரடியாக வாங்கும் நியூயார்க் வழி நம்மிடம் இல்லை. இரண்டு மனையையும் உண்மையாகவே ஒன்றாக்கினால் மட்டுமே அதற்கு நெருங்கிய பலன் கிடைக்கும்.

மலையில் கணக்கு ஏன் வேறு

இங்கே கட்டடத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் எஃப்.எஸ்.ஐ. இல்லை. உயரம், சரிவு, செட்பேக் (எல்லையை ஒட்டிக் கட்டாமல் விட வேண்டிய இடம்) ஆகிய மூன்றும்தான். மலை நகரங்களுக்கென 1993இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் 7 மீட்டர் உயரம் என்பது கொத்தனார் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் தெரிந்த எண். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் இடத்துக்கு நடப்பில் உள்ள அளவுகளை நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கு முறையை விளக்க மட்டுமே; எஃப்.எஸ்.ஐ., செட்பேக் எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை.

6 சென்ட் மனை, சுமார் 243 சதுர மீட்டர். அகலம் 12 மீட்டர், ஆழம் 20.25 மீட்டர். எஃப்.எஸ்.ஐ. 1 என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் 3 மீட்டர், இரு பக்கமும் 2 மீட்டர் விட வேண்டும். கட்டடம் நிற்கக்கூடிய இடம் 8 மீட்டருக்கு 14.25 மீட்டர், அதாவது 114 சதுர மீட்டர். 7 மீட்டர் உயரத்துக்குள் இரண்டு தளம் அடங்கும்: 228 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. அனுமதிப்பது 243. உங்களுக்கு உரிய பரப்பையே உங்களால் முழுதாகக் கட்ட முடியவில்லை. பக்கத்து மனையிலிருந்து 150 சதுர மீட்டர் உரிமை வந்தாலும் அதை வைக்க இடமில்லை. சமவெளியில் வாங்கிய டி.டி.ஆர். சான்றை மலையில் பயன்படுத்தலாம் என்று தரகர் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் முதலில் அவர் முன் போட வேண்டும்.

இப்போது அதே அளவுள்ள பக்கத்து மனையை இதோடு இணையுங்கள். அகலம் 24 மீட்டர். நடுவில் இருந்த இரண்டு பக்கச் செட்பேக்கும் மறைகின்றன. கட்டக்கூடிய இடம் 20க்கு 14.25, அதாவது 285 சதுர மீட்டர். இரண்டு தளம் என்றால் 570. ஆனால் இப்போது எஃப்.எஸ்.ஐ. குறுக்கே வருகிறது: இரண்டு மனைக்கும் சேர்த்து 486தான். தனித்தனியாகக் கட்டியிருந்தால் 456 கிடைத்திருக்கும். இணைத்ததால் பரப்பில் வந்த லாபம் வெறும் 30 சதுர மீட்டர்.

பரப்பைப் பார்த்து மனையை இணைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்து போகிறார்கள். இணைப்பின் உண்மையான பலன் வேறு. கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் இடம் உங்களுக்குப் பெரிதாகிறது. இரண்டு மனையில் எங்கே சரிவு குறைவோ, எங்கே பாறை மேலே இருக்கிறதோ, எங்கே மழைத் தண்ணீர் சேராதோ அங்கே கட்டிவிட்டு, செங்குத்தான பகுதியைத் தொடாமல் விடலாம். மலையில் இதைவிடப் பெரிய சலுகையை எந்தச் சான்றும் தர முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்தால், செங்குத்தான பகுதியைக் கட்டாமல் விடுவதற்கு என்ன மதிப்பு என்று புரியும்.

சரிவைக் கணக்கில் பாருங்கள். மேலே சொன்ன 14.25 மீட்டர் ஆழக் கட்டடம் 20 டிகிரி சரிவில் நின்றால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் தரைமட்ட வித்தியாசம் சுமார் 5.2 மீட்டர். மேல் பக்கத் தரையிலிருந்து 7 மீட்டர் உயர்ந்தால் கீழ் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது 12.2 மீட்டர். உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளப்பார்கள் என்பதைத் திட்டம் போடும் முன்னே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "கீழே வருவது பேஸ்மென்ட்தான், கணக்கில் வராது" என்று எண்ணிக் கட்டியவர்கள் பிறகு இடித்திருக்கிறார்கள். சமதளமாக்க முழுவதையும் வெட்டினால் மேல் பக்கம் 5.2 மீட்டர் செங்குத்துச் சுவர் நிற்கும். பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் 2.6 மீட்டர். படிப்படியாக இறங்கும் வீடாக வடிவமைத்தால் இன்னும் குறையும்.

முதலில் எடுக்க வேண்டிய ஆவணங்கள்

பக்கத்துக்காரரோடு விலை பேசுவதற்கு முன்பே இரண்டு மனைக்கும் ஒரே மாதிரி ஆவணத்தொகுப்பு எடுங்கள். பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), நகராட்சிக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டுப் பகர்ப்பு, தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று. பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையிலும், வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் தளத்திலும் எடுக்கலாம். ஆனால் பழைய கையெழுத்து ஆவணங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போவதே நல்லது.

அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். இரண்டில் ஒன்று நிபந்தனைப் பட்டாவாகவோ தோடர் பட்டாவாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விற்கவோ இணைக்கவோ முடியாத நிலத்துக்கு முன்பணம் கொடுத்து மீட்க முடியாது. கூடலூர் பக்கம் என்றால் 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகை நிலமா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். அனுமதியில்லாத மனைப்பிரிவில் உள்ள மனை என்றால் 2016க்குப் பிறகு பதிவிலேயே தடை வரும். அதை முறைப்படுத்திய வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, புலப்படத்தில் இரண்டு மனைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலையில் இது மிக முக்கியம். தரையில் பார்த்தால் ஒட்டி இருக்கும் இரண்டு மனைக்கு நடுவே வரைபடத்தில் ஒரு மெல்லிய ஓடைப் புறம்போக்கோ நடைபாதையோ ஓடும். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும் ஓடை என்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அது இருந்தால் இரண்டும் ஒட்டிய மனைகள் இல்லை. இணைத்து ஒரே திட்டமாகத் தர முடியாது, அதன் மேல் கட்டவும் முடியாது, கட்டவும் கூடாது. தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. இன்னொன்று, படிக்கட்டு நிலத்தில் தடுப்புச் சுவர் நிற்கும் இடமே எல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். சுவர் கட்டியவர் வசதிக்குக் கட்டியிருப்பார். எல்லைக்கல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கலாம். இரு தரப்பும் நேரில் நிற்க, சர்வேயரை வைத்துக் கல் நட்டு, அளந்த வரைபடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டபின் விலை பேசுங்கள்.

உங்கள் வருவாய் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1990இல் வந்த அரசாணை எண் 44 இந்தப் பட்டியலுக்கு அடிப்படை, பிறகு திருத்தங்களும் வந்தன. பட்டியலில் இருந்தால் வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையில்லாச் சான்றுகள் பொதுவாகத் தேவைப்படும். இரண்டு மனையை இணைக்கும்போது ஒன்று மட்டும் காப்புக்காட்டை ஒட்டி இருந்தாலும் முழு மனைக்கும் வனத்துறையின் கேள்விகள் வரும். சிறிய மனையைத் தனியே வைத்துக்கொள்வதே மேல் என்று சில சமயம் முடிவெடுக்க நேரும்.

உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

பக்கத்து மனையிலிருந்து வேண்டியது கட்டட இடமா, செட்பேக்குக்குக் கொஞ்சம் நிலமா, வழியா, எதிரே கட்டமாட்டேன் என்ற உறுதியா, தடுப்புச் சுவருக்கு இடமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்திரம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே "உரிமை விட்டுக்கொடுத்தல்" காகிதத்தில் எழுதினால் எதுவும் நிற்காது.

கட்டட இடம்தான் வேண்டும் என்றால் முழு இணைப்பு. நேராகக் கிரயம் வாங்குவது எளிது: தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வரிப்பிடித்தம் செய்து கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. இரண்டு மனையும் குடும்பத்துக்குள் வெவ்வேறு பெயரில் இருந்தால் தானசெட்டில்மென்ட் செய்து ஒரே பெயருக்குக் கொண்டுவரலாம், அதற்குச் சலுகைக் கட்டணம் உண்டு. விற்காமல் சேர்ந்து கட்டுவது என்றால் பதிவு செய்த கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தமும், பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரமும் வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் சாதாரண அதிகாரப் பத்திரம் அன்றோடு செல்லாது. கட்டட வேலை பாதியில் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம், எனவே வாரிசுகளையும் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்துங்கள்.

பூர்வீக நிலம் என்றால் கையெழுத்துகளில் கவனம் வேண்டும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் திருமணமாகாத பெண்களுக்கும், 2005 திருத்தத்துக்குப் பிறகு எல்லா மகள்களுக்கும், இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. "அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவள் எதுவும் சொல்லமாட்டாள்" என்று விட்டுவிடாதீர்கள். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதியில்லாமல் வாங்காதீர்கள். மனைமேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்து ஒப்புதல் கட்டாயம். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருப்பது வில்லங்கச் சான்றில் எப்போதும் தெரியும் என்று நம்ப முடியாது.

பத்திரம் முடிந்ததும் பட்டா மாற்றம், அதன்பின் திட்ட விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தில் எல்லாப் புல எண்களையும் எழுதி, ஒரே மனையாக வெளி எல்லையை வரைந்து, சரிவுக்கோடுகளோடு குறைந்தது இரண்டு குறுக்குவெட்டுப் படம் வையுங்கள், ஒன்று மேலிருந்து கீழாக, இன்னொன்று பக்கவாட்டில். குறுக்குவெட்டில் இயற்கைத் தரைக்கோடும் வெட்டியபின் வரும் தரைக்கோடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். திருப்பி அனுப்பப்படும் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஒரு கோடுதான் இல்லாமல் இருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இணைத்துக் கட்டியபின் திரும்பப் பிரிக்க முடியாது. பிரித்தால் கட்டடத்தின் ஒரு பக்கம் செட்பேக் இல்லாமல் போகும், அனுமதியே கேள்விக்குரியதாகும். பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே யோசியுங்கள்.

செட்பேக்குக்கு ஒரு மீட்டர் பட்டை நிலம் வாங்குவது எளிது போலத் தெரியும். விற்பவரின் வீடு எல்லையிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி நின்றால், ஒரு மீட்டர் விற்றபின் அவருக்கு 0.8தான் மிச்சம். நாளை அவர் ஒரு மாடி எழுப்ப விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள், அப்போது இரண்டு வீட்டுக்கும் பகை வரும். விற்பவரின் மிச்ச மனையும் விதிக்குள் நிற்கிறதா என்று வரைந்து பார்த்தபின்பே இதைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கோணல் எல்லை இருந்தால் பரிவர்த்தனைப் பத்திரம் நல்ல வழி. நீங்கள் முன்னால் கொஞ்சம் கொடுத்துப் பின்னால் கொஞ்சம் வாங்கலாம். எந்த வழியானாலும் உட்பிரிவு செய்து பட்டாவும் புலப்படமும் மாறினால்தான் வேலை முடிந்தது. வாய்வழி மாற்றம் தலைமுறை தாண்டாது.

எதிரே கட்டாதிருக்க ஓர் ஒப்பந்தம்

குன்னூரிலும் கொடைக்கானலிலும் மனையின் விலையில் பாதி, பள்ளத்தாக்கு தெரிகிறதா என்பதில் இருக்கிறது. கீழ் மனைக்காரர் உயர்த்திக் கட்டினால் அது போய்விடும். நீண்டகாலமாகப் பார்த்துவந்தோம் என்பதால் பள்ளத்தாக்குக் காட்சிக்குச் சட்ட உரிமை வந்துவிடாது. 1882 இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு 20 ஆண்டு அனுபவத்தால் கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் காக்கிறது; திறந்த நிலத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் அப்படி அடைய முடியாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்து வெயிலுக்கு அனுபவ உரிமை கேட்க முடியாது.

ஆகவே காட்சி வேண்டும் என்றால் விலை கொடுத்து எழுதி வாங்க வேண்டும். கீழ் மனைக்காரர் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டமாட்டேன் என்று உறுதி தருகிறார், நீங்கள் பணம் தருகிறீர்கள். நம் மலையில் நியூயார்க் ஒப்பந்தத்துக்கு மிக நெருங்கி வருவது இதுவே. வித்தியாசம் ஒன்றுதான், இங்கே உங்கள் பக்கம் எந்தப் பரப்பும் கூடாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882இன் 40ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட கட்டுப்பாடு அதை அறிந்து வாங்கும் அடுத்த உரிமையாளரையும் கட்டும்; அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டாது. எனவே பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள், இரண்டு மனையின் புல எண்களையும் சொத்து விவரத்தில் எழுதுங்கள், பதிவான சில நாளில் இரண்டு புல எண்ணுக்கும் வில்லங்கம் போட்டு இந்தப் பத்திரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே திருத்தம் கேளுங்கள். முத்திரைத்தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்த காகிதத்தை அடுத்த வாங்குபவர் பார்க்கப்போவதில்லை.

உயரத்தை "இரண்டு மாடி" என்று எழுதாதீர்கள். அசையாத ஒரு புள்ளியை, சாலைச் சிறுபாலத்தின் மேல்மட்டத்தையோ பெரிய பாறையையோ, அடையாளமாகக் கொண்டு, அதிலிருந்து இத்தனை மீட்டருக்கு மேல் எதுவும் வரக்கூடாது என்று எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, சூரியத் தகடு, கைப்பிடிச் சுவர், கூரை முகடு எல்லாம் அதற்குள் அடங்கும் என்றும் சேர்த்து எழுதுங்கள். மரத்தை மறப்பவர்கள் அதிகம். கட்டடம் வராது, ஆனால் சில்வர் ஓக்கோ சைப்ரஸோ பத்து ஆண்டில் பள்ளத்தாக்கை மூடிவிடும். வளர்ந்த மரத்தை வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், சொந்தப் பட்டா நிலமானாலும் சரி. அதனால் "மரத்தை வெட்ட வேண்டும்" என்ற நிபந்தனை பயன்படாது. இந்த எல்லைக்குள் உயரமாக வளரும் மரம் நடக்கூடாது, குறு மரங்களும் செடிகளும் நடலாம் என்று எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். சோலை மரம் ஏற்கனவே நின்றால் அதை அப்படியே விட்டு, காட்சியை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு விக்கி மரத்தையோ நாவல் மரத்தையோ விட எந்த ஜன்னலும் பெரிதில்லை.

விலையை எப்படிப் போடுவது? கட்டாமல் விட்ட சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், எதுவும் உங்கள் மனைக்கு வருவதில்லையே. கட்டுப்பாடு இல்லாமல் அந்த மனை என்ன விலைக்குப் போகும், கட்டுப்பாட்டோடு என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு மதிப்பீடு வாங்கி, அந்த வித்தியாசத்தைச் சுற்றிப் பேசுங்கள். கீழ் மனைக்காரர் பக்கம் நின்றும் சொல்ல வேண்டும்: ஒரு முறை எழுதிக் கொடுத்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கும் அது பொருந்தும். 30 ஆண்டு என்று கால வரம்பு வைப்பதும் ஆண்டுத்தொகை வைப்பதும் உங்கள் உரிமை.

தாங்குதல், வடிகால், வழி

மலையில் ஒரு மனை இன்னொரு மனையைத் தாங்கி நிற்கிறது. இயற்கை நிலையில் உள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் பக்கத்து நிலத்தின் தாங்குதல் இயல்பான உரிமை என்று வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டே சொல்கிறது. நீங்கள் உங்கள் மனைக்குள்ளேயே, செட்பேக் விட்டுத்தான் வெட்டினாலும், மேல் மனை சரிந்தால் பொறுப்பு உங்களுடையது. முன் சொன்ன கணக்கில் 5.2 மீட்டர் வெட்டு, எல்லையிலிருந்து 3 மீட்டர் உள்ளே. மண் 45 டிகிரி கோட்டில் சரிந்தால் குறைந்தது 5.2 மீட்டர் பின்னோக்கிப் போகும். மேலே தரையும் ஏறிக்கொண்டே போவதால் இன்னும் அதிகம். 3 மீட்டர் செட்பேக் தீர்ந்து பக்கத்து நிலத்துக்குள் நுழைந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்பே மேல் மனைக்காரரோடு பேசி, தடுப்புச் சுவரின் அடித்தளம் யார் நிலத்தில், பராமரிப்பு யாருடையது, நீர்த்துளைகள் யார் பக்கம் திறக்கும் என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய் விட வேண்டும். குழாய் இல்லாத சுவர், பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தில் வடகிழக்குப் பருவத்தில்தான் வயிறு தள்ளும். குழாயில் வரும் தண்ணீர் கீழ் மனைக்குள் விழாமல் வாய்க்காலில் சேர, கீழ் மனைக்காரரிடமும் வடிகால் உரிமை எழுதி வாங்க வேண்டும்.

நடைபாதை மட்டும் உள்ள மனைக்கு வாகன வழி வாங்கும்போது அகலத்தை எழுதினால் மட்டும் போதாது; சரிவையும் திருப்பத்தின் ஆரத்தையும் படத்தில் காட்டுங்கள். மூன்றரை மீட்டர் அகல வழி, ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத கொண்டை ஊசியாக இருந்தால் என்ன பயன்?

மண் வேலைக்கு ஜே.சி.பி. இறக்க நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டட அனுமதி கையில் இருக்கிறது என்பதால் அது தானாக வந்துவிடாது, தனியாக விண்ணப்பியுங்கள். அனுமதிக்கு மேல் ஒரு தளம் எழுப்பிவிட்டுப் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் கொடைக்கானலில் பலருக்கு விலையாக முடிந்திருக்கிறது. 2019இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் விதிமீறிய கட்டடங்களுக்கு அங்கே சீல் வைத்தார்கள்.

பணத்தையும் வேலையையும் இணைத்து வரிசைப்படுத்துங்கள். அளந்து கல் நட்டபின் முன்பணம். வங்கி, வாரிசு ஒப்புதல்கள் வந்தபின் அடுத்த தவணை. பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும். இணைப்பானால் கடைசித் தவணையைப் பட்டா மாறும் வரை வைத்திருங்கள்; கட்டாமை ஒப்பந்தமானால் இரண்டு புல எண்ணின் வில்லங்கத்திலும் பத்திரம் தெரியும் வரை. அனுமதி அக்டோபரில் கிடைத்தால், வெட்டும் வேலையை ஜனவரிக்குத் தள்ளிவைத்து, மழைக்காலத்தில் வடிகாலையும் மேல் பக்கத் திசைதிருப்பு வாய்க்காலையும் மட்டும் முடித்துவையுங்கள்.